மடிப்பாக்கத்து அலிஸே: வெள்ளத்தில் ஊறிய மர விமானத்தைச் சரிசெய்த பதிவு

கைக்கு வந்தது தேக்கில் செதுக்கிய ஒரு விமான மாடல், ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம். அதன் உரிமையாளர் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றபோது கூட வேலை பார்த்தவர்கள் காசு சேர்த்துச் செய்து கொடுத்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மடிப்பாக்கம் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது ஷோகேஸின் கீழ்த்தட்டில் இருந்து ஊறிவிட்டது. இடது இறக்கை உடைந்திருந்தது. புரொப்பல்லரின் நான்கு இதழ்களில் இரண்டைக் காணோம். வயிற்றுப் பக்கம் இருந்த உருண்டை கழன்று போய்க் குழி மட்டும் மிச்சம். யாரோ நல்ல மனசோடு எம்-சீல் உருட்டி இறக்கையை ஒட்டியிருந்தார்கள், அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

உரிமையாளர் என் மனைவியின் பெரியப்பா. எனக்கு மாமா. வயது எண்பதைத் தாண்டிவிட்டது, ஞாபகம் மட்டும் என்னுடையதைவிடத் தெளிவு. அலிஸே விமானத்தில் ஏர்க்ரூமேனாக, அதாவது பைலட்டோடு போய்க் கருவிகளைக் கவனிப்பவராகப் பறந்தவர்.

அலிஸே தெரியாதவர்களுக்கு: பிரான்ஸின் ப்ரெகே நிறுவனம் நீர்மூழ்கிகளை வேட்டையாடுவதற்காகவே கட்டிய விமானம், விமானந்தாங்கிக் கப்பலில் ஏறி இறங்குவது. முதலில் பறந்தது 1956 அக்டோபரில். மூக்கில் ஒற்றை டர்போபிராப் எஞ்சின், உள்ளே மூன்று பேர். முன்மாதிரிகளையும் சேர்த்து மொத்தம் கட்டியதே 89தான். நம் கடற்படையின் 310-ஆவது ஸ்குவாட்ரன், ‘கோப்ரா’ என்று பெயர், 1961 மார்ச் 21 அன்று பிரான்ஸின் இயேர் தளத்தில் இந்த விமானங்களோடு தொடங்கியது. அதே மாதம் 4ஆம் தேதி பெல்ஃபாஸ்டில் விமானந்தாங்கிக் கப்பலான பழைய ஐ.என்.எஸ். விக்ராந்த் கடற்படையில் சேர்ந்திருந்தது. விக்ராந்த் மேல்தளத்திலிருந்து அலிஸே கடைசியாகப் பறந்தது 1987இல். அப்புறம் கரையிலிருந்து கொஞ்ச காலம் பறந்துவிட்டு 1991இல் ஓய்வு பெற்றது.

மாடலை மேசையில் வைத்து முதலில் செய்தது அளவெடுப்பு. மூக்கிலிருந்து வால் வரை 29 செ.மீ. நிஜ விமானம் 13.86 மீட்டர். ஆக 48-இல் ஒரு பங்கு. உடையாத வலது இறக்கை நடுக்கோட்டிலிருந்து 16.2 செ.மீ. வந்தது. நிஜத்தில் முழு இறக்கை அகலம் 15.6 மீட்டர், பாதி 7.8. அதை 48ஆல் வகுத்தால் 16.25. செதுக்கியவர் யாரோ தெரியாது, ஆனால் ஆள் படம் வைத்து ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். இதைப் பார்த்த பிறகுதான் வேலையில் எனக்கு உற்சாகமே வந்தது. அளவு தப்பான மாடலை எவ்வளவு மெருகேற்றினாலும் அது பொம்மைதான்.

எம்-சீலை எடுக்க உளியைத் தொடவில்லை. எபாக்ஸி வகை எல்லாமே சூட்டில் இளகும். ஹாட் ஏர் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து, தள்ளிப் பிடித்துக் காட்டி, பழைய ஹேக்சா பிளேடால் நெம்பினால் பாளம் பாளமாக வந்துவிட்டது. மரம் கருகக் கூடாது என்பதுதான் கவனிக்க வேண்டியது. பெயிண்டை உரிக்கக் கண்ணாடித் துண்டு. கதவு செய்யும் ஆசாரிகள் செய்வதைப் பார்த்திருப்பீர்கள், உடைந்த ஜன்னல் கண்ணாடியின் நேர் விளிம்பை மரத்தின் மேல் சாய்த்து இழுத்தால் மெல்லிய சுருளாகப் பெயிண்ட் மட்டும் வரும். உப்புத்தாள் போட்டிருந்தால் இறக்கையின் கூர்விளிம்பு மழுங்கிப் போயிருக்கும்.

சாம்பல் நிறத்துக்குக் கீழே இன்னொரு சாம்பல், அதற்கும் கீழே வெள்ளை பிரைமர். இறக்கை மேலிருந்த மூவர்ண வட்டத்தில் பச்சை வெளியேயும் காவி நடுவிலும் இருந்தது. நம் விமானங்களில் காவிதான் வெளி வளையம், பச்சை நடுவில். மாமா இத்தனை வருஷமாக இதைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறார்.

இனிதான் விஷயமே. எதை எந்த நிலையில் பொருத்துவது?

வந்த நிலையில் மாடலுக்குச் சக்கரங்கள் வெளியே, வயிற்று உருண்டை கீழே, இறக்கை விரிந்து, வால் கொக்கி தொங்கிக்கொண்டு என்று எல்லாம் ஒரே நேரத்தில். செதுக்கியவர் தனக்குத் தெரிந்த அத்தனையையும் காட்டிவிட வேண்டும் என்று செய்திருக்கிறார். மாமா உருண்டை இருந்த குழியைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது கீழ இருந்தா சக்கரம் மேல இருக்கணும் மாப்ளே. ரெண்டும் ஒண்ணா இருந்தா பைலட்டைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க” என்றார்.

அந்த உருண்டை ரேடார் கூண்டு. தேடல் ரேடாரின் ஆன்டெனா அதற்குள் இருக்கும். பறக்கும்போது வயிற்றிலிருந்து கீழே இறக்கினால்தான் உடம்பு மறைக்காமல் சுற்றிலும் பார்க்கும். தளத்தில் இறங்குவதற்கு முன் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து டீசல் நீர்மூழ்கி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற அவ்வப்போது மேலே வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மூச்சுக்குழாயையாவது தண்ணீருக்கு மேல் நீட்ட வேண்டும். இரவில் கடல் பரப்பில் அந்தச் சின்னப் புள்ளியைப் பிடிப்பதுதான் ரேடாரின் வேலை. புள்ளி மறைந்துவிட்டால், அதாவது ஆள் முங்கிவிட்டால், அந்த இடத்தைச் சுற்றி சோனோபாய்களைப் போடுவார்கள். தண்ணீரில் மிதக்கும், கீழே ஒரு மைக்கைத் தொங்கவிடும், கேட்டதை ரேடியோவில் விமானத்துக்கு அனுப்பும். அதைக் கேட்பது மாமாவின் வேலை.

அவர் உட்கார்ந்த இடம் முன்னால் இல்லை. முன்வரிசையில் இடப்பக்கம் பைலட், வலப்பக்கம் நேவிகேட்டர். மூன்றாம் ஆள் அவர்களுக்குப் பின்னால், பக்கவாட்டைப் பார்த்து உட்கார வேண்டும். கேட்டபுல்ட் விமானத்தை இழுத்து எறியும்போது முன்னால் இருக்கிறவர்களுக்கு முதுகு சீட்டில் அழுந்தும், தனக்குத் தோள்பட்டை அழுந்தும் என்றார். எத்தனை வருஷம் பறந்தும், அலிஸே என்றால் அவருக்கு ஞாபகம் வருவது காதுதான். வெயில் கடலில் ஆழம் குறைந்த இடங்களில் ஒரு வகை இறால் கொடுக்கைச் சொடுக்கிக்கொண்டே இருக்கும். ஹெட்போனில் அது வடைச் சட்டியில் எண்ணெய் பொரிகிற மாதிரி ஓயாமல் கேட்குமாம். அதற்கு நடுவில் சரக்குக் கப்பலின் புரொப்பல்லர் எது, மற்றது எது என்று பிரிக்க வேண்டும். வெளியே என்ன தெரிந்தது என்று கேட்டேன். “என்னத்த தெரியும்? பேனல்தான்.”

ஆக, அவருக்கு வேண்டியது ரோந்து நிலை. சக்கரம் உள்ளே, கூண்டு கீழே, இறக்கை விரிந்து.

சரி, முடிந்தது என்று நினைத்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய பழைய சகாக்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஆவடி, எஞ்சின் பார்த்தவர். இன்னொருவர் பெரம்பூர், கப்பலின் மேல்தளத்தில் விமானங்களைத் தள்ளி நிறுத்தும் கூட்டத்தில் இருந்தவர். பெரம்பூர்க்காரர் விரிந்த இறக்கையைப் பார்த்ததும், “இதை இப்படியா வெச்சிருப்போம்? எங்க இடம்?” என்றார். அவர் அலிஸேயை அதிகம் பார்த்தது மடக்கிய நிலையில்தான். விரித்தால் பதினைந்தரை மீட்டர், மடக்கினால் ஏழு மீட்டர். விக்ராந்தின் நீளம் 213 மீட்டர். அதற்குள் சீ ஹாக் ஜெட்டுகளும் நிற்க வேண்டும், ஹெலிகாப்டரும் நிற்க வேண்டும், ஓடுபாதையும் வேண்டும், லிஃப்டில் ஏற்றி ஹேங்கருக்கும் இறக்க வேண்டும். அவருக்கு அலிஸே என்பது சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சங்கிலி போட்டு, இரவில் சுற்றும் புரொப்பல்லரிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று மனசுக்குள் கணக்கு வைத்திருந்த ஒரு பொருள்.

ஆவடிக்காரருக்கு இறக்கை எப்படி இருந்தாலும் கவலை இல்லை. மூக்கைத்தான் பார்த்தார். மாடலில் புரொப்பல்லர் கூம்புக்குப் பின்னால் மரம் அப்படியே மூடியிருந்தது. “டார்ட்டுக்குக் காத்து எங்கேருந்து போகும்?” என்று கேட்டார். ரோல்ஸ்-ராய்ஸ் டார்ட் எஞ்சின், கூம்பைச் சுற்றி வளையமாக இருக்கும் இடைவெளி வழியாகத்தான் காற்றை இழுக்கும். உள்ளே காற்றை அழுத்தும் இரண்டு அடுக்கு மையவிலக்கு அமுக்கி, அதற்குப் பின்னால் ஏழு எரிகலன்கள். ஒரு காலத்தில் மீனம்பாக்கத்தில் இறங்கிய வைக்கவுண்ட், ஃபாக்கர் ஃபிரெண்ட்ஷிப், ஆவ்ரோ 748 எல்லாவற்றிலும் இதே டார்ட் குடும்பம்தான். பல்லாவரம், நங்கநல்லூர் பக்கம் வளர்ந்த பழைய ஆட்களுக்கு அந்தக் கீச்சென்ற விசில் சத்தம் காதில் இருக்கும். கப்பலில் அவருக்குப் பெரிய எதிரி உப்பு. அமுக்கியில் உப்புப் படிந்தால் எஞ்சின் திணறும், நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்.

மூன்று பேரும் ஒரே விமானத்தைத்தான் சொல்கிறார்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் மாடலில் வைத்தால் செதுக்கியவர் செய்த குழப்பமே திரும்ப வரும். அதனால் பாகங்களைக் கழற்றி மாற்றும்படி செய்வது என்று முடிவு செய்தேன்.

இதற்கு வழி கொடுத்தது ரிச்சி தெரு. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குப் போடும் இழுத்து நீட்டும் ஏரியலை வாங்கிப் பிரித்தால், ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் பித்தளைக் குழாய்கள் கிடைக்கும். மேலே குரோம் பூசியிருப்பார்கள், உள்ளே பித்தளைதான். வாங்கும்போதே இழுத்துப் பாருங்கள், விட்ட இடத்தில் நிற்க வேண்டும். லொடலொடவென்று சரிந்தால் வேண்டாம்.

முதலில் ரேடார் கூண்டு. மாமா பழைய புகைப்படம் வைத்திருந்தார், அதிலிருந்து விகிதம் பிடித்தேன். தேக்குத் துண்டை ஒரு போல்ட்டில் மாட்டி, டிரில்லில் சுழலவிட்டு, அரத்தாலும் உப்புத்தாளாலும் உருட்டிக்கொண்டேன். வயிற்றுக் குழியில் ஏரியலின் பெரிய குழாயை அரால்டைட்டில் நட்டேன். கூண்டின் தலையில் அடுத்த அளவுக் குழாய். இப்போது விரலால் தள்ளினால் உள்ளே போகும், இழுத்தால் கீழே வந்து நிற்கும். மாமா இதைச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்து, மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டார்.

அடுத்து இறக்கை. மடிப்பு இடம் சக்கரம் மடங்கிப் போகும் கூட்டுக்கு வெளியே இருக்கிறது. மடக்கிய அகலம் 7 மீட்டர் என்றால் நடுக்கோட்டிலிருந்து 3.5 மீட்டர், மாடலில் 7.3 செ.மீ. உடைந்த இடமோ 8.1 செ.மீ.யில். அதனால் அடிப்பக்கத்தில் 8 மி.மீ. துண்டை நேராக அறுத்து எடுத்து, அதை வெளி இறக்கையோடு சேர்த்து ஒட்டினேன். அறுவையில் போகும் மரத்தூளுக்கு ஈடாக அரை மி.மீ. மர வெனீர் ஒரு பட்டை. ஈரத்தில் ஊறிய தேக்கு என்பதால் ஒட்டுமுன் அந்தப் பகுதியை தின்னரில் துடைத்துக் காயவிட்டேன், தேக்கின் எண்ணெய் மேலே இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. நல்லா இருந்த வலது இறக்கையையும் அறுக்க வேண்டியிருந்தது. ரம்பத்தைக் கையில் எடுத்தபோது மாமா எழுந்து உள்ளே போய்விட்டார். மெல்லிய பிளேடு, இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப், அவசரமில்லாத இழுப்பு. அவ்வளவுதான்.

இணைப்புக்கு ஒவ்வொரு பக்கமும் ஏரியலின் மிக ஒல்லியான குழாயை இரண்டிரண்டு துண்டாக அடி இறக்கைக்குள் நட்டேன். ஒன்று மட்டும் வைத்தால் இறக்கை அச்சில் திரும்பிவிடும். துளைகள் இணையாக அமைய ஒட்டுப்பலகையில் ஒரு வழிகாட்டி செய்துகொண்டு, கைத்துளைப்பானால் போட்டேன். செருகும் கம்பிக்கு பித்தளை வெல்டிங் ராடு, பாரிமுனையில் ஒற்றைக் கம்பியாகவே கொடுப்பார்கள். விரித்த நிலைக்கு நேர்க்கம்பி. மடக்கிய நிலைக்கு வளைத்த கம்பி. கோணத்தைப் புகைப்படத்திலிருந்து அட்டையில் வெட்டி, பெரம்பூர்க்காரரிடம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆங்... நிறுத்து” என்று குரல் செய்தியிலேயே இறக்கையை மடக்கிக் கொடுத்தார். மேல்தளத்தில் கை காட்டிய பழக்கம் போகவில்லை.

சக்கரங்களில் செதுக்கியவர் ஒரு சுருக்குவழி எடுத்திருந்தார். பக்கத்துக்கு ஒன்றுதான். நிஜத்தில் முக்கியக் கால்களில் இரட்டைச் சக்கரம், பின்பக்கமாக மடங்கி இறக்கையில் உள்ள கூட்டுக்குள் போகும். அதே கூட்டில்தான் சோனோபாய்களும் இருக்கும். குழாய்க்குப் போடும் ரப்பர் வாஷர்களை உப்புத்தாளில் உருட்டி டயராக்கினேன். கால்களை உருவி எடுக்கலாம், துளைக்குத் தேக்கு மூடி உண்டு. வால் கொக்கி ஒற்றைக் கம்பி அல்ல, நுகம் மாதிரி இரண்டு கை விரிந்து நுனியில் சேர்வது. மெல்லிய பித்தளைக் கம்பியில் ஈயம் பற்றவைத்து அதே வடிவில் செய்தேன். புரொப்பல்லரின் விடுபட்ட இரண்டு இதழ்களுக்கு ஆஃப்செட் அச்சகத்தில் கழித்த அலுமினியத் தகடு. கத்தரியில் வெட்டலாம், முறுக்கினால் முறுக்கிய இடத்தில் நிற்கும். மூக்கில் காற்று வளையத்தை வட்ட அரத்தால் தோண்டினேன். ஆவடிக்காரர் விரல் நுனியை விட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

பெயிண்ட் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். சென்னையில் மழை மாதங்களில் டூகோ அடிக்காதீர்கள். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து வெள்ளைப் படலம் போட்டுவிடும். காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு, மெல்லிய கோட்டாக அடிக்க வேண்டும். சாம்பலின் சாயலுக்குக் கண்ணாடித் துண்டால் உரித்தபோது கிடைத்த அடி அடுக்கின் சில்லையே புதுப்பேட்டை கலர் கலக்கும் கடையில் காட்டினேன். மூன்று பெரியவர்களிடமும் நிறத்தைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இன்னும் பிரைமரிலேயே நின்றிருப்பேன்.

காயும் நேரங்களில்தான் பேச்சு. 1971 பாகிஸ்தான் போர் பற்றி நானாகக் கேட்கவில்லை, அதுவாக வந்தது. அந்த நவம்பரில் விக்ராந்த் சென்னையில் இருந்துவிட்டு அந்தமானுக்கு நகர்ந்திருந்தது. நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல், முழு வேகம் எடுக்க முடியாத கப்பல். அதைத் தேடி நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து கிளம்பிய பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி முதலில் தேடியது இந்தச் சென்னைக் கடலில்தான். மெரினாவில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தபோது அடிவானத்துக்கு அப்பால் எங்கேயோ அது இருந்திருக்கிறது. டிசம்பர் 3-4 இரவில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே அது மூழ்கியது. ஐ.என்.எஸ். ராஜ்புத் போட்ட ஆழ்வெடிகளால் என்பது நம் கடற்படை சொல்வது, உள்வெடிப்பு அல்லது கண்ணிவெடி என்பது பாகிஸ்தான் தரப்பு. 4ஆம் தேதியிலிருந்து விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜார், சிட்டகாங், குல்னா, மோங்லா என்று தாக்கின. நீர்மூழ்கி தேடக் கட்டிய அலிஸே அதில் குண்டு போடும் விமானமாகவும் இரவில் பறந்தது.

மேற்குப் பக்கம் கதை வேறு. 9ஆம் தேதி நம் குக்ரி கப்பல் பாகிஸ்தான் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. மறுநாள் ஒரு அலிஸேயை பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் ஜெட் சுட்டு வீழ்த்தியது. மூன்று பேர். இதைச் சொல்லும்போது மாமா மூன்று இருக்கைகளையும் மேசையில் விரலால் தொட்டுக் காட்டினார், மூன்றாவதை மட்டும் பக்கவாட்டில். மணிக்கு ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போகும் புரொப்பல்லர் விமானம், ஒலியைப் போல இரு மடங்கு வேகம் போகக்கூடிய ஜெட். அதற்கு மேல் யாரும் விளக்கவில்லை.

நிஜ அலிஸேயைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கோவாவில் தபோலிம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்துக்குப் போகலாம், ஒன்று நிற்கிறது. தபோலிமில் உள்ள கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ஹன்சா 1961இல் முதலில் தொடங்கியது நம் கோயம்புத்தூர் சூலூரில் என்பது பெரம்பூர்க்காரர் கொடுத்த உபரித் தகவல். அவருக்கு ஊர் அந்தப் பக்கம்.

இப்போது மாடல் அக்ரிலிக் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியை முழுக்க மூடவில்லை, பின்பக்கம் கீழே சிறு துளைகள், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். முழுக்க அடைத்தால் உள்ளே ஈரம் வேர்க்கும். பீடம் ஷோகேஸின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. நேர்க்கம்பிகள், வளைந்த கம்பிகள், கால்கள், துளை மூடிகள் எல்லாம் ஒரு எவர்சில்வர் சம்படத்தில்.

கூண்டு கீழே இருக்கும்போது கால்களைச் செருகவே முடியாதபடி உள்ளே ஒரு பூட்டு வைக்க முடியுமா என்று மாமா கேட்டார். அந்தக் குழாய்க்குள் அதற்கு இடமில்லை என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. பெரம்பூர்க்காரர் வந்து எதையாவது தப்பாக மாட்டிவிடுவார் என்று பயம். கடைசியில் எந்த நிலைக்கு எது வெளியே, எது உள்ளே என்று ஒரு சீட்டு எழுதி லேமினேட் செய்து பீடத்தின் அடியில் ஒட்டினேன். மாமா அதை வாங்கிப் படித்து, “இறங்கும் நிலை” என்ற வரியில் கொக்கியைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்து மறுபடி லேமினேட் செய்தேன்.